தொலைவும் களவும்

பட்டிமன்றங்களில் நடுவராக அமர்வது எனக்கு நெடுநாளைய பழக்கம். கோவில் மண்டபங்களிலும் பள்ளி அவைகளிலும், கல்வியா செல்வமா என்றும், கண்ணகியா மாதவியா என்றும் எழுந்த எத்தனையோ வழக்குகளைக் கேட்டு, இரு தரப்பாரின் மனமும் நோகாத வண்ணம் தீர்ப்புக் கூறியிருக்கிறேன். ஆனால், சென்ற நீண்ட விடுமுறையில் என் வீட்டு உணவு மேசையில் என்முன் வைக்கப்பட்ட வழக்கைப் போன்ற ஒன்றை நான் முன்னெப்போதும் கேட்டதில்லை. பேரரசு அமைக்கும் கணினி விளையாட்டில் ஊழல் என்பது இருக்க வேண்டுமா, வேண்டாமா? இருக்க வேண்டுமாயின் அது எவ்விதிப்படி இயங்க வேண்டும்? இதுவே வழக்கு.

வாதி என் மகன், பொறியியல் மாணவன். எதிர்வாதி என் தமக்கையின் மகன். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்று வருபவன். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே தொட்டிலில் மாறி மாறி உறங்கி, அன்று தொட்டு இன்றுவரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள். ஒருவன் விளையாடும்போது மற்றவன் பின்னால் நின்று குறை கூறுவான். அதுவே அவர்களுடைய நட்பு.

“மாமா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இவன் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்” என்றான் மருமகன்.

நூலைப் படிக்காமல் மதிப்புரை எழுதுவோரை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். ஆகவே, ஆடிப் பார்க்காமல் தீர்ப்புக் கூற என் மனம் ஒப்பவில்லை. “எனக்கு மூன்று வாரம் தவணை கொடுங்கள்” என்றேன். ஐம்பத்தைந்து வயதுத் தலைமையாசிரியர் ஒருவர் இரவு பதினொரு மணிவரை கணினியின்முன் அமர்ந்து நகரம் கட்டுகிறார் என்ற செய்தி உறவினரிடையே பரவியபோது எழுந்த சிரிப்பை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

விளையாட்டின் பெயர் ‘சிவிலைசேஷன்’. நாகரிகம் என்று பொருள். சிட் மையர் என்பாரின் பெயரைத் தாங்கி 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. கி.மு. 4000இல் வெறுங்காட்டில் ஆட்டம் தொடங்குகிறது. குடியேறிகளைக் கொண்டு ஒரு நகரம் அமைக்கிறோம், அது வளர்ந்ததும் இன்னொன்று, பிறகு வேறொன்று. ஒவ்வொரு நகரமும் உணவு, உற்பத்தி, வணிகம் ஆகிய மூன்றையும் சுற்றுக்குச் சுற்று நமக்கு அளிக்கும். உற்பத்தியைக் கேடய வடிவில் காட்டுவார்கள். பத்துக் கேடயம் சேர்ந்தால் ஒரு போர்வீரன். அறுபது சேர்ந்தால் ஒரு கோவில். இவ்வாறு எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, விண்கலம் ஏவும் காலம்வரை நாட்டை நடத்திச் செல்ல வேண்டும்.

ஊழல் முதற்பதிப்பிலேயே உண்டு. தலைநகரிலிருந்து ஒரு நகரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் வணிக வருவாய் குறையும். வல்லாட்சியில் இந்த இழப்பு மிகுதி. பொதுவுடைமை ஆட்சியில் தொலைவு ஒரு பொருட்டன்று. எல்லா நகரங்களுக்கும் ஒரே அளவில் இழப்பு. மக்களாட்சியிலோ ஊழல் அறவே இல்லை. இவ்விதியை என் மகன் வாசித்துக் காட்டியபோது, பக்கத்தில் அமர்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். விளையாட்டைச் செய்தவர்கள் மிகவும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

என் மகன் ஆடுவது 2001இல் வந்த மூன்றாம் பதிப்பு. அவன் பிறப்பதற்கு முன்னரே வந்தது. பழையது என்றாலும், அவனுடைய பழைய மடிக்கணினிக்கு அதுதான் பொருந்துகிறது. அதிலே ஊழலுக்கு இரண்டு அளவுகோல்கள். ஒன்று தொலைவு, மற்றொன்று நகரங்களின் எண்ணிக்கை. ஓர் அளவைத் தாண்டி நாம் நகரங்களைப் பெருக்கினால், பின்னால் வருபவை ஏறத்தாழ முழுவதும் அழுகிப்போகும். இதற்கு மாற்றாக இரண்டாவது அரண்மனை ஒன்றைத் தொலைவில் கட்டலாம். பெய்ஜிங்கில் உள்ள ‘விலக்கப்பட்ட நகரம்’ என்னும் அரண்மனையின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

நான் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தேன். இவ்விளையாட்டில் இந்தியாவின் தலைவர் காந்தியடிகள். வரியை உயர்த்தி, வில்லாளரைத் திரட்டி, அண்டை நாட்டாரை மிரட்டும் காந்தியடிகளாக மூன்று வாரம் வாழ்ந்தேன் என்பதை எண்ணினால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நகரங்களுக்கு நாமே பெயரிடலாம் என்றார்கள். தலைநகருக்குத் தஞ்சை என்று பெயரிட்டேன். பிறகு கப்பல் கட்டி, கடல் கடந்து ஒரு தீவில் குடியேறி, அங்கே எழுப்பிய நகருக்குக் கடாரம் என்று பெயரிட்டேன். ஆசிரியப் புத்தி எங்கே போகும்?

கடாரம் வளமான மண். மலையும் காடும் சூழ்ந்து, சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கேடயங்கள் விளைய வேண்டிய இடம். நகரத் திரையைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு கேடயம் நமக்கு உரியது. மற்றவை அத்தனையும் சிவப்பு. சிவப்பு என்றால் விரயம். உழைத்தும் நம் கைக்கு வராதது. ஊழலைக் குறைக்க நீதிமன்றம் கட்டு என்கிறது விதி. நீதிமன்றம் கட்ட 80 கேடயம் வேண்டும். சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் ஊரில் 80 சுற்றுகள் காத்திருக்க வேண்டும். திருட்டுக் கொடுத்தது போக எஞ்சியதைக் கொண்டுதான் காவல் நிலையம் கட்ட வேண்டும் என்பது போன்றது இது. பொன் கொடுத்து விரைவுபடுத்தலாம். பொன்னுக்கு எங்கே போவது? எப்படியோ நீதிமன்றம் எழுந்தது. கடாரத்தின் நிலையில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

“இப்போது தெரிகிறதா மாமா?” என்றான் மருமகன். “தொலைவுக்கும் திருட்டுக்கும் முடிச்சுப் போட்டது யார்? ஆடுகிறவன் எதிர்த்து எதுவும் செய்ய முடியவில்லை என்றால் அது விதியன்று, தண்டனை.”

அவன் வாதத்தை நியாயமாக எடுத்துரைக்க வேண்டியது என் கடமை. இத்தகைய விளையாட்டுகளில் ஒரு பெருந்தொல்லை உண்டு. நகரங்கள் மிகுதியாக வைத்திருப்பவன் விரைவில் இன்னும் மிகுதியாகப் பெறுவான். பிறகு அவனை யாரும் எட்ட முடியாது. ஆட்டத்தில் சுவை போய்விடும். ஆகவே, விரிவடைவதற்கு ஏதேனும் ஒரு கடிவாளம் தேவை. அந்தக் கடிவாளத்துக்குத்தான் இவர்கள் ஊழல் என்று பெயரிட்டிருக்கிறார்கள் என்பது மருமகனின் கட்சி. 2005இல் வந்த நான்காம் பதிப்பில் ஊழலையே நீக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நகருக்கும் பராமரிப்புச் செலவு. தலைநகரிலிருந்து எவ்வளவு தொலைவு, மொத்தம் எத்தனை நகரங்கள் என்பவற்றைப் பொறுத்து அந்தச் செலவு ஏறும். நீதிமன்றம் கட்டினால் செலவு பாதியாகும். அவசரப்பட்டு ஊர் ஊராகப் பிடித்தவனின் கருவூலம் வற்றும். ஆராய்ச்சிக்குப் பணம் இராது. இறுதியில் படைகளைக் கலைக்க நேரிடும். கணக்குப் பார்த்து விரிவடைபவன் பிழைப்பான். “கடிவாளமும் ஆயிற்று, ஆடுகிறவனுக்கு முடிவெடுக்கும் உரிமையும் ஆயிற்று. இதைவிட வேறென்ன வேண்டும்?” என்று அவன் கேட்டது எனக்கு ஏற்புடையதாகவே தோன்றியது.

என் மகன் விடவில்லை. “ஊழலுக்குப் பராமரிப்புச் செலவு என்று பெயர் எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் இப்படி எழுதினால் நீ கையெழுத்துப் போடுவாயா?” என்று மருமகனைக் கேட்டான். அவனும் சிரித்துவிட்டான். பேரரசுகள் சிதைந்ததற்குத் தொலைவு ஒரு காரணம். கட்டளை எல்லைக்குச் சென்று சேரவே மாதக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில் அங்கிருப்பவன் தன் விருப்பம்போல் நடப்பான். வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் இந்த உண்மையை மறைக்கலாகாது என்பது அவன் கட்சி.

வேறு விளையாட்டுகளையும் சான்றுக்கு அழைத்தார்கள். 2004இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற ஆட்டத்தில், கிழக்கே நாடு விரிந்ததும் ஆடுகிறவர்கள் உரோமையே தலைநகர்ப் பதவியிலிருந்து நீக்கி, நடுவில் உள்ள ஏதேனும் ஒரு நகருக்குத் தலைநகரை மாற்றிக்கொள்வார்களாம், இழப்பு உடனே குறையுமாம். ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ என்ற மற்றோர் ஆட்டத்தின் நான்காம் பதிப்பில் 2016இல் ஊழலைச் சேர்த்தார்கள். அங்கே அது நாடு முழுமைக்கும் ஒரே எண். மாதந்தோறும் கருவூலத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, ஊழலை வேரறுத்துக்கொண்டே வரலாம். அந்தத் தொகையைச் செலவிடும் அதிகாரியை யார் கண்காணிப்பார் என்று நான் கேட்டேன். இருவரும் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள்: “எல்லாம் சரி, அந்தச் சிவப்புக் கேடயமெல்லாம் யார் வீட்டுக்குப் போனது?”

“யார் வீட்டுக்கும் போகவில்லை அம்மா. அது மறைந்துவிடும்” என்றான் மகன்.

“மறைந்துபோக அது என்ன கற்பூரமா?”

பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக ஆடிய எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆட்டங்களில் திருட்டு உண்டு, திருடன் இல்லை. மழை பெய்வதுபோல், இரும்பு துருப்பிடிப்பதுபோல், யாரும் செய்யாமலே ஊழல் நடந்துவிடுகிறது. ஊரில் எவனுடைய வீடும் பெரிதாவதில்லை.

உள்ளுக்குள் எனக்கு வேறொன்று உறுத்திற்று. அதை அப்போது பேச விரும்பாமல், ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் வரலாற்றுக்குள் புகுந்துகொண்டேன்.

சென்னைப் பட்டணத்துக் கிழக்கிந்தியக் கும்பினியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இலண்டனிலிருந்து கப்பலில் வந்து சேர ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும் தொலைவு. 1744இல் இராபர்ட் கிளைவ் எழுத்தராக வந்து இறங்கியபோது அவருக்குக் கும்பினி விதித்த சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. ஐந்து பவுண்டில் எவரும் வாழ முடியாது என்பது சம்பளம் விதித்தவர்களுக்கும் தெரியும். சொந்த வணிகம் செய்து பிழைத்துக்கொள் என்பதே அதன் பொருள். பின்னர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கும்பினியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் கடுவட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாகப் பெற்றவை கர்நாடகப் பகுதியின் நில வரிகள். தஞ்சைச் சீமையின் விளைச்சல்மீதும் அவர்களுள் பால் பென்ஃபீல்டு என்பவர் உரிமை கொண்டாடினார். தஞ்சை மன்னரிடம் நாட்டைத் திருப்பிக் கொடுத்த ஆளுநர் பிகட் பிரபு அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1776 ஆகஸ்டில் அவருடைய மன்றத்தாரே அவரைச் சிறைப்படுத்தினார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார்.

அந்தப் பணம் கற்பூரமாகக் கரையவில்லை. கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே மாளிகைகளாகவும் பண்ணைகளாகவும் நாடாளுமன்ற இருக்கைகளாகவும் மாறிற்று. பென்ஃபீல்டும் நாடாளுமன்ற உறுப்பினரானார். இவ்வாறு பொருள் சேர்த்துத் திரும்பியவர்களை ‘நபாப்’ என்று அந்நாட்டார் பழித்தனர். நவாப் என்ற நம் பக்கத்துச் சொல்லின் திரிபு அது. 1785இல் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து ஆர்க்காட்டுக் கடன்களைப் பற்றி நெடுநேரம் முழங்கினார். விளையாட்டு என்ன சொல்கிறது? தலைநகர் தூய்மையானது, தொலைவில் போகப் போக அழுகல் என்கிறது. நடந்தது என்ன? தொலைவில் களவாடிய பொருள் தலைநகருக்குத் திரும்பி வந்து, சட்டம் இயற்றும் மன்றத்திலேயே அமர்ந்துகொண்டது.

1786இல் காரன்வாலிஸ் கல்கத்தாவுக்கு வந்தார். பிரான்சிஸ் லைட் பினாங்கில் கும்பினிக் கொடியை ஏற்றியதும் அதே ஆண்டில்தான். காரன்வாலிஸ் அதிகாரிகளின் சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தினார். சொந்த வணிகத்தைத் தடுத்தார். கூடவே உயர் பதவிகளில் இந்தியர் அமர முடியாதபடி கதவையும் அடைத்தார். தொலைவு ஓர் அங்குலமும் குறையவில்லை. சம்பளமும் விதியும் மாறின. களவின் போக்கு மாறிற்று.

தொலைவு மட்டுமே காரணமாயின் உத்தரமேரூரை என்ன செய்வது? பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறித்த இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. வகுப்பிலே குடவோலை முறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சீட்டுக் குலுக்குவதை விரித்துரைத்துவிட்டு, மிக முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது என்பது அங்குள்ள விதி. உத்தரமேரூர் தஞ்சையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. என் மகனின் ஆட்டத்தில் அது முழுச் சிவப்பாக இருந்திருக்கும். அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை என்பதையும், ஊரார் எல்லாருக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவ்விதியைக் கல்லில் வெட்ட நேர்ந்தது என்றால், அதற்கு முன் கணக்குக் காட்டாமல் போனவர்கள் அங்கே இருந்திருப்பார்கள் என்பதும் எளிதில் விளங்கும். ஆயினும், தலைநகரைப் பார்த்துக்கொண்டிராமல் ஊரே உட்கார்ந்து எழுதிய விதி அது. அத்தகைய விதிக்கு இந்த ஆட்டங்களில் இடமில்லை. எல்லாவற்றையும் மன்னனே செய்ய வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். தீர்ப்பை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு நான் படுக்கப் போனேன். உறக்கம் வரவில்லை.

1991ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சியை முடித்த கையோடு, பகாங் மாநிலத்தின் உட்பகுதியில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். டவுனிலிருந்து செம்மண் சாலையில் ஒன்றரை மணி நேரம். மழை பெய்தால் அந்தச் சாலையும் இல்லை. பலகைக் கட்டடம், ஆறு ஆசிரியர்கள். எல்லாரிலும் இளையவன் என்பதால், ஏழைப் பிள்ளைகளுக்கான துணையுணவுத் திட்டப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அனுமதி பெற்ற பட்டியலில் 42 பெயர்கள் இருந்தன. தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேலை குறைந்து குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருந்தன. ஏப்ரல் மாதத்திற்குள் பட்டியலில் இருந்த 11 பிள்ளைகள் பள்ளியைவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பிட்டவர்கள் 31 பேர். மாதக் கடைசியில் என் கையெழுத்துக்கு வந்த பாரத்தில் 42 என்றே இருந்தது.

நான் தயங்கினேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர். அப்பொழுது அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். தோளில் கை வைத்து, “தம்பி, டவுனில் இருக்கிறவன் இங்கே வந்து தலையை எண்ணவா போகிறான்? போடுங்கள் கையெழுத்தை” என்றார். என் மகனின் ஆட்டத்தில் உள்ள விதியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அந்தப் பதினொரு பேரின் பணம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். ஒரு பகுதி விளையாட்டுப் போட்டிப் பரிசுகளாயிற்று. அதற்கு வேறு வழியே இருக்கவில்லை. ஒரு பகுதி வகுப்பறைக்குச் சாயமாயிற்று. ஒரு பகுதி தலைமையாசிரியரின் மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரமாயிற்று. சிற்றுண்டிச்சாலை நடத்திய அம்மாளுக்கும் ஏதோ கிடைத்திருக்கும். மணமாகாமல் தனியே தங்கியிருந்த இளம் ஆசிரியருக்கு அவர் நாள்தோறும் ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனால், “நீங்கள் சாப்பிடுங்கள் சார், மீந்த சோறுதானே” என்பார். காணாமற்போன பதினொரு தட்டுகளுள் ஒன்று என்னுடைய தட்டில் இருந்தது.

அவ்வாண்டு நடுவில் வேறொரு தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய பையனை இரண்டாம் ஆண்டில் சேர்த்தார்கள். ஓய்வு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அவன் கொய்யா மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வான். அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். “பட்டியல் நிறைந்துவிட்டதே தம்பி. அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்றார். பட்டியல் நிறைந்துதான் இருந்தது. இல்லாத பதினொரு பிள்ளைகள் அதில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவன் பெயரை அடித்தால் இவனைச் சேர்க்கலாம். அடித்தால், முந்தைய மாதங்களின் கணக்கு என்னவாயிற்று என்று கேள்வி வரும். அந்த மாதங்களுக்கெல்லாம் கையெழுத்து என்னுடையது.

என் பொட்டலத்தைச் சில நாள் அவனிடம் கொடுத்தேன். கொடுத்த நாள்களைவிடக் கொடாத நாள்களே மிகுதி. எனக்கும் பசித்தது. என் தந்தையார் பால்மரம் சீவியவர்; பால் நிறுக்கும் இடத்தில் கிராணியின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய மகன் அந்த ஆண்டில் எட்டுப் பாரங்களில் கையெழுத்திட்டேன்.

மறுநாள் மாலை தீர்ப்புக்கு அமர்ந்தோம். என் மனைவியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரு கட்சிகளிலும் குறை உண்டு என்றேன். பராமரிப்புச் செலவு என்று மாற்றினால் திருட்டு என்ற சொல்லே போய்விடுகிறது. தொலைவுக் கணக்காக வைத்தால் திருடன் போய்விடுகிறான். இரண்டிலும் பெரிய பொய் அந்தச் சிவப்பு நிறம். இத்தனை விளைந்தது, இத்தனை களவு போயிற்று என்று மன்னனுக்கு முன்னால் எண்ணிக் காட்டுகிறது விளையாட்டு. உலகத்தில் எந்த மன்னனுக்கு அப்படி ஒரு திரை கிடைத்தது? 31 பேர் சாப்பிட்டால் 42 என்றுதான் தாளில் வரும். சிவப்பு மையில் பதினொன்று என்று வராது. ஆகவே, திரையில் எல்லாக் கேடயமும் நல்ல கேடயமாகவே தெரிய வேண்டும். கடாரத்தில் நீதிமன்றம் கட்டி முடிந்தது என்று ஓலை வர வேண்டும். போய்ப் பார்த்தால் அடித்தளம்கூட இருக்கலாகாது. ஆள் அனுப்பிப் பார்க்கலாமா, அனுப்புகிறவனை நம்பலாமா, பார்க்காமலே இருந்துவிடலாமா என்பதை ஆடுகிறவன் முடிவு செய்யட்டும். அதிகாரிக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் அவனே விதிக்கட்டும். குறைத்து விதித்தால் அவனுக்கு ஆதாயம், பின்னால் அதற்கு விலை.

இன்னொன்றும் சொன்னேன். முதற்பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் ஓர் அழகான காட்சி உண்டு. மக்கள் மகிழ்ந்து மன்னனுடைய அரண்மனைக்கு ஒரு தூணோ மண்டபமோ தோட்டமோ சேர்த்துக் கொடுப்பார்கள். நமக்கு ஒரு கேடயமும் செலவில்லை. எனக்கும் கொடுத்தார்கள், நானும் மகிழ்ந்து, கோபுரத்தைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். “அந்தக் கோபுரம் எங்கிருந்து வந்தது? கடாரத்தின் சிவப்புக் கேடயங்களில் சில அங்கே வந்திருக்க வேண்டும். அதை ஆட்டம் முடிந்தபின் சொன்னால் போதும்” என்றேன்.

“இப்படிச் செய்தால் விளையாட்டில் ஏதோ பிழை என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், அப்பா. தன் நாடு ஏன் வளரவில்லை என்றே ஆடுகிறவனுக்குப் புரியாது” என்றான் மகன்.

மருமகன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான். “எனக்குப் பிடித்திருக்கிறது மாமா. ஆட்டத்தில் என் தொழிலுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால், எங்கே ஆள் அனுப்புவது என்று தெரிய வேண்டாமா? ஏதாவது ஒரு தடயம் விட்டு வைக்க வேண்டும். ஒரு தடயமும் இல்லையென்றால் அது சூதாட்டம்” என்றான். அவன் கூறியது சரி. என் தீர்ப்பில் அந்தக் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டேன். தடயம் எவ்வளவு இருக்கலாம் என்று இருவரும் மீண்டும் மோதிக்கொள்ளத் தொடங்கினார்கள். முப்பதாண்டு நடுவர் வாழ்க்கையில் தீர்ப்புக்குப் பின்னும் வழக்கு நடந்தது அதுதான் முதல் முறை.

சிறிது நேரம் கழித்து மகன் கேட்டான்: “அப்பா, 31, 42 என்று சொன்னீர்களே, அது எந்த ஆட்டத்தில்?”

சொன்னேன். மேலே எழுதியதை, சோற்றுப் பொட்டலம் உட்பட, அப்படியே சொன்னேன். மனைவிக்கும் அது புதிது. யாரும் ஒன்றும் பேசவில்லை. மருமகன் தொழில் பழக்கத்தில், அந்தப் பாரங்கள் இப்போது எங்கேனும் இருக்குமா என்று கேட்டான். எப்போதோ அழித்திருப்பார்கள் என்றேன். மகன் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டான். ஆண்டிறுதியில் அந்தக் குடும்பமும் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டது; வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை உடனே அடித்துவிட்டோம்; உணவுப் பட்டியலில் அது ஏறவே இல்லை என்றேன்.

இப்போதும் அந்தப் பாரம் மாதந்தோறும் என் மேசைக்கு வருகிறது. கையெழுத்திடுவதற்கு முன், ஓய்வு மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்த் தட்டுகளை எண்ணிவிட்டு வருவேன். இளம் ஆசிரியர்கள் இதை என் கிறுக்கு என்று நினைக்கிறார்கள். இவ்வாண்டுப் பட்டியலில், பள்ளி மாறிச் சென்ற இருவரின் பெயர்கள் இருந்தன. அவற்றை அடித்து, காத்திருந்த இருவரின் பெயர்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். அனுமதி இன்னும் வரவில்லை.